வாடைக்காற்றில் ஒரு கலைமான்: தம்பலகாமக் காட்டோரத்து நிகழ்வு ஆய்வு

திருகோணமலைக்காரருக்கு மான் என்றால் பிரட்றிக் கோட்டைதான். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் புள்ளிமான் கூட்டம் மரநிழலில் படுத்து அசைபோடும். பிள்ளைகள் வாழைப்பழத் தோலை நீட்டினால் கைக்கே வந்து வாங்கித் தின்னும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மானை நெருங்குவது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. காட்டோரத்தில் நான் செய்த பிழைக்கு வேர் அந்தப் பழக்கத்தில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

கழுத்தில் கம்பிச் சுருக்கோடு திரிந்த ஒரு கலைமானை, அதாவது ஆண் புள்ளிமானை, மூன்று நாள் அடி பார்த்துத் தொடர்ந்தோம். மூன்றாம் நாள் சுருக்கை அறுத்துவிட்டோம். ஒன்பதாம் நாள் அது செத்துக் கிடந்தது. ஏன் செத்தது என்பது இதே வேலைக்குப் போகிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இடத்தை மட்டும் திட்டமாகச் சொல்லவில்லை. தம்பலகாமத்து வயல்வெளி மேற்கே முடிந்து காடு தொடங்குகிற ஓரம் என்ற அளவில் போதும். சுருக்கு வைக்கிறவரும் இதை வாசிக்கக்கூடும்.

நான் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். ஞாயிறு, போயா (முழுநிலா விடுமுறை) நாட்களில் கமராவோடு காட்டோரம் போவேன். அந்தப் பக்கம் வயல் செய்கிற எழுபது வயதுக்காரர் ஒருவரை நான் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார். யுத்தத்துக்கு முந்திய காலத்தில் துவக்கோடு இந்தக் காடு முழுக்க நடந்தவர். விட்டு நாற்பது வருடம் ஆகிறது. அடி பார்க்கிற கண் மட்டும் போகவில்லை.

மாரியில் மான்

மார்கழி நடுப்பகுதி. பெரும்போக நெல் முழங்கால் உயரம். ஐப்பசியிலிருந்து விட்டுவிட்டுப் பெய்த மழையில் காட்டுக்குள் பள்ளமெல்லாம் தண்ணீர். கோடையில் மான் தேடுவது சுலபம், வற்றாத குளம் ஒன்றிருந்தால் அங்கே காத்திருக்கலாம். மாரியில் தண்ணீர் எங்கும் கிடக்கும், மான் சிதறிவிடும். புதுப்புல் முளைத்த காட்டோரத்துக்கு விடியலிலும் அந்தியிலும் வந்து மேய்ந்துவிட்டு, வெயில் ஏற வீரையும் பாலையும் சூரை முள்ளும் அடர்ந்த பற்றைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் மாரியில் அடி பார்த்து நடந்துதான் தேட வேண்டும்.

ஈரமண் நன்றாகவே பேசும். மானின் குளம்படி பிளந்த இரண்டு பாதி, நுனி கூர். புதிய அடியில் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். ஒரு மணி நேரத்தில் விளிம்பு தளர்ந்து மண் உள்ளே உதிரும். இரவு மழைக்கு முந்திய அடி என்றால் குழிக்குள் தண்ணீர் தெளிந்து நிற்கும்; கலங்கி நின்றால் இப்போதுதான் மிதித்திருக்கிறது. இரண்டு செடிகளுக்கு இடையில் சிலந்திவலை அறுபடாமல் இருந்தால் அந்த வழியில் காலையில் ஒன்றும் போகவில்லை. இவ்வளவும் எனக்குக் காக்கா சொல்லித் தந்தவை. நான் சரியாகப் படிக்காமல் விட்டது காற்றை.

கச்சான் காலம் முழுக்க நான் அந்த ஓரத்தில் படம் எடுத்திருக்கிறேன். வைகாசி தொடக்கம் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான், காட்டைக் கடந்து வயல்பக்கம் அடிக்கும். வண்டியை வீதியில் விட்டு, வயல் வரம்பால் மேற்கே நடந்தால் காற்று முகத்தில் படும், என் மணம் பின்னால் போய்விடும். அந்த வரம்பு வழி என் காலுக்குப் பழகிவிட்டது. மார்கழியில் காற்று திரும்புகிறது. வடகிழக்கு வாடை தம்பலகாமக் குடாவைத் தாண்டி, வயலைத் தாண்டி, காட்டுக்குள் நுழைகிறது. அதே வரம்பில் அதே திசையில் நடக்கிறவனுக்கு முன்னால் அவன் மணம் போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மழை விட்ட நாட்களில், இரவு குளிர்ந்த தரையிலிருந்து கடல்பக்கமாக ஒரு மெல்லிய தரைக்காற்று விடியும்வரை ஓடும். அந்த நேரம் மேற்கிலிருந்து கிழக்கே, கிட்டத்தட்டக் கச்சான் மாதிரியே. வெயில் ஏறியதும் அது செத்து, கொஞ்ச நேரம் காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுழன்று, பிறகு வாடை பிடித்துக்கொள்ளும். எங்கள் ஓரத்தில் அந்த மாற்றம் ஏறக்குறைய எட்டு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில். மான் பார்க்கப் போகிறவனுக்கு அந்த ஒரு மணி நேரத்தைவிடக் கெட்ட நேரம் கிடையாது.

முதல் நாள்

சனி மாலை காக்கா போன் எடுத்தார். பரணில் இருந்து பார்த்தாராம்: ஏழெட்டு மான் மேய வந்தது, ஒரு கொம்பன் மட்டும் பின்னால் பிந்தி நின்றது, கழுத்தில் ஏதோ மினுங்கியது. படம் ஒன்று இருந்தால் வனஜீவராசிகள் அலுவலகத்தில் காட்டலாம் என்றார்.

ஞாயிறு காலை கடைக்கு வந்த இரண்டு வண்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். வரம்பில் இறங்கும்போது எட்டரை. உடம்பில் நன்றாகத் தோய்த்து உலர்த்திய நீலச் சட்டை. மானின் கண் சிவப்பையும் செம்மஞ்சளையும் சரியாகப் பிரிக்காது, நீலத்தை எடுப்பாகக் காணும். சலவைத்தூளில் இருக்கிற வெண்மையாக்கி வேறு துணியை அதற்குப் பளிச்சென்று காட்டும். எனக்கு அது அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனில்லை, மூக்கு முந்திவிட்டது. நூற்றைம்பது மீற்றருக்கு மேல் இருக்கும்போதே ஒரு பெட்டை மான் முன்காலைத் தரையில் உதைத்துக் கீச்சென்று கத்தியது. மரத்தில் இருந்த மந்திகளும் கத்தத் தொடங்கின. வால்கள் வெள்ளையாக நிமிர்ந்தன, கூட்டம் உள்ளே போய்விட்டது.

போகிற போக்கில் எடுத்த ஆறு படங்களில் ஒன்று உதவியது. கலைக்குக் கொம்பு முற்றவில்லை, இன்னும் தோல் போர்த்தியிருந்தது. கழுத்தில் கம்பி, அதன் அறுந்த நுனி தோள்வரை தொங்கியது. சுருக்கைக் கட்டின கட்டையிலிருந்து இழுத்து அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

அலுவலகத்தில் படத்தைப் பார்த்து அன்றே ஒழுங்கு செய்தார்கள். மிருக வைத்தியர் வேறு மாவட்டத்திலிருந்து வர வேண்டும், செவ்வாய் வருவார். அதுவரை எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: பகலில் அது எந்தப் பற்றையில் படுக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்து வையுங்கள், கிளப்ப வேண்டாம்.

அந்த இரண்டாவது பாதியை நான் சரியாகக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள்

காக்கா இல்லை, கிண்ணியாவில் ஒரு மௌத்து (சாவு) வீட்டுக்குப் போய்விட்டார். நானும் என் சித்தப்பா மகனும் ஐந்தே முக்காலுக்கே ஓரத்தில் நின்றோம். எங்கோ கோயிலில் மார்கழிப் பூசை மணி கேட்டது. குளிர் உண்மையாகவே குளிர்ந்தது, தம்பி காதைச் சுற்றித் துவாயைக் கட்டியிருந்தான். காற்று காட்டிலிருந்து எங்கள் முகத்துக்கு. எல்லாம் சரி.

அடி உடனே கிடைத்தது. கூட்டத்தின் அடிகளுக்கு ஒரு பக்கமாகத் தனித்து ஒரு சோடி, அதன் அருகே மெல்லிய கோடு இடைக்கிடை. குனிந்து மேயும்போது கம்பி நுனி மண்ணில் இழுபட்ட கோடு. அரை மணி நேரத்தில் ஒரு வீரை மரத்தடியைக் கண்டோம். கலை முன்கால்களை மடித்துப் படுத்திருந்தது. எங்களிலிருந்து நாற்பது மீற்றர் இருக்கும். காது இரண்டும் தனித்தனியே திரும்பிக்கொண்டிருந்தன. கழுத்துப் பக்கம் மயிர் நனைந்து கறுத்திருந்தது, ஈக்கள் மொய்த்தன.

இடம் தெரிந்துவிட்டது, திரும்பியிருக்க வேண்டும். அன்றைய வேலை அங்கேயே முடிந்துவிட்டது. நான் இன்னும் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று நின்றேன். காயத்தை வைத்தியருக்குத் தெளிவாகக் காட்டலாம் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். ஏழு ஐம்பதுக்குப் பிடரியில் ஒரு குளிர்ச்சி பட்டது. அடுத்த மூச்சில் கலை எழுந்து நின்று எங்களைப் பார்த்தது. பார்த்தது ஒரு கணம், பிறகு இல்லை.

அப்போதாவது விட்டிருக்கலாம். காயப்பட்ட மிருகம், தூரம் போகாது, எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம் என்றேன். பின்னால் போனோம். இருநூறு மீற்றரில் மறுபடி எழுப்பினோம். வாடை எங்கள் முதுகில் இருந்ததால் ஒவ்வொரு தடவையும் நாங்கள் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிந்தது. மூன்றாம் தடவை அது நெஞ்சளவு தண்ணீர் ஓடிய வாய்க்காலைத் தாண்டி ஏறியது. அக்கரையில் வாய் திறந்தபடி, விலா அடித்துக்கொண்டு நின்றது. நாங்கள் அதைத் தள்ளிக்கொண்டு திரிந்தது மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம்.

அந்தியில் காக்காவுக்குச் சொன்னேன். கனநேரம் பேசவில்லை. "தம்பி, வாடைக்காத்துல நம்ம வாடைதான் முந்திப் போகும். நீங்க அதுக்குப் பின்னால போகல்ல, துரத்திக்கிட்டுப் போயிருக்கீங்க" என்றார்.

மூன்றாம் நாள்

வைத்தியரும் இரண்டு உத்தியோகத்தர்களும் விடியவே வந்துவிட்டார்கள். நான் விடியற்காற்று போவதற்குள் போய்விடலாம் என்று அவசரப்பட்டேன். காக்கா மறுத்தார். விடியற்காற்றை நம்ப முடியாது, வாடை நிலைக்கட்டும் என்றார். பரணில் இருந்து பிளேன்டீ குடித்தோம். அடுப்புச் சாம்பலைக் கிழிசல் துணியில் முடிந்து கையில் வைத்திருந்தார். தட்டினால் தூள் பறக்கிற திசையில் காற்றின் போக்கு தெரியும். ஒன்பதரைக்குத் தூள் நேராக மேற்குத் தெற்காகப் போகத் தொடங்கியது. அப்புறம்தான் எழுந்தார்.

வயல்பக்கத்தால் போகவே இல்லை. தெற்கே சுற்றி, யானைப் பாதையால் காட்டுக்குள் ஒன்றரைக் கிலோமீற்றர் போய், உள்ளிருந்து வயலை நோக்கித் திரும்பி வருவது அவர் திட்டம். வாடை அப்போது எதிர்முகமாக வரும். யானை இலத்தியைக் கண்ட இடத்தில் காலால் பிளந்து சூடு பார்த்தார், பழையது. என் சட்டையைக் கழற்றச் சொல்லி, பரணில் கிடந்த மண்நிறச் சட்டை ஒன்றைத் தந்திருந்தார்.

முந்தைய நாள் அடியிலிருந்து தேடி, வாய்க்காலுக்கு மேற்கே ஒரு சூரைப் பற்றையில் அது படுத்திருப்பதைக் காக்காதான் கண்டார். எனக்கு இலை மட்டும் தெரிந்தது. காது ஒன்று ஆடிய பிறகே மான் தெரிந்தது. காற்று முதுகில் படும்படி படுத்து, முகத்தை எங்கள் பக்கம் வைத்திருந்தது. பின்பக்கத்தை மூக்கு காக்கும், முன்பக்கத்தைக் கண் காக்கும், இரண்டுக்கும் நடுவில்தான் நமக்கு வழி என்று முன்பே சொல்லியிருந்தார். காக்காவும் வைத்தியரும் மட்டும் முன்னால் போனார்கள். எங்களை நூற்றைம்பது மீற்றர் பின்னால் உட்கார வைத்தார்கள்.

கடைசி எண்பது மீற்றரைக் கடக்க அவர்களுக்கு ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது. காற்று இலையை அசைக்கும்போது ஓர் அடி. காற்று நின்றால் கால் தூக்கியபடியே நிற்பார்கள். மான் தலையைத் தாழ்த்தி அசைபோடும்போது இரண்டு அடி. அசைபோடுவதை நிறுத்தினால் அது கேட்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வைத்தியர் இளையவர், காக்காவின் கையைப் பார்த்தே நடந்தார். அந்த எழுபது நிமிடமும் நான் முந்தைய நாளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காற்றழுத்தத் துவக்கால் ஊசி போட்டது இருபத்தைந்து மீற்றரில், பின்தொடைத் தசையில். கலை துள்ளி ஐம்பது அறுபது மீற்றர் போனது. யாரும் அசையவில்லை. ஊசி பட்ட மிருகத்தைத் துரத்தினால் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் மருந்தோடு மல்லுக்கட்டும், மயக்கம் பிந்தும், சிலவேளை வராமலே போகும். எட்டாம் நிமிடம் கால் தள்ளாடி உட்கார்ந்தது.

பிறகு எல்லாம் வேகமாகவும் சத்தமில்லாமலும் நடந்தது. கண்ணை என் துவாயால் கட்டினோம். பக்கவாட்டில் விழவிடாமல் நெஞ்சில் நிமிர்த்திப் பிடித்தோம். அசைபோடும் மிருகம் பக்கவாட்டில் கிடந்தால் வயிறு ஊதிவிடும். தலை உயர, வாய் தாழ வைத்தோம், எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாமல். காய்ச்சல்மானி 40.8 காட்டியது. மானுக்கு 39 சுற்றுவட்டாரம் இருந்தால் சரி, 41ஐத் தாண்டினால் ஆபத்து. வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்து தொடையிடுக்கிலும் வயிற்றிலும் ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

கம்பியை நான்தான் என் பிளையரால் வெட்டினேன். ஒரு விரல் ஆழம் தசைக்குள் போயிருந்தது, உள்ளே புழு. வைத்தியர் துப்புரவாக்கி மருந்து வைத்து, நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார். அவர் பயன்படுத்தியது கீட்டமீனும் சைலசீனும் கலந்த மயக்க மருந்து. சைலசீனுக்கு மட்டும்தான் முறிவு மருந்து இருக்கிறது. கீட்டமீன் தானாக இறங்குமுன் அதைக் கொடுத்தால் மிருகம் வெட்டி இழுத்துக்கொண்டு எழும் என்று நாற்பது நிமிடம் காத்திருந்தார். அந்த நேரத்தில் கலை கொஞ்சம் சிறுநீர் விட்டது. சாயம் கூடின தேத்தண்ணி நிறம். வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டார், நேற்று இதை ஓட்டினீர்களா?

ஆம் என்றேன்.

முறிவு ஊசி போட்டுச் சில நிமிடங்களில் எழுந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்காமல், அவசரமில்லாமல் பற்றைக்குள் நடந்து போனது. காக்கா கையை ஏந்தித் துஆ கேட்டார்.

எது கொன்றது

ஒன்பதாம் நாள் காலை காகங்களின் சத்தத்தை வைத்துக் காக்கா அதைக் கண்டுபிடித்தார். முந்தைய இரவு செத்திருக்க வேண்டும், உடல் கெடவில்லை. வைத்தியர் வந்து அறுத்துப் பார்த்தபோது நானும் நின்றேன். கழுத்துக் காயத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தசை வந்திருந்தது. அது ஆறத் தொடங்கிய காயம். பின்தொடைகளை வெட்டியபோது தசை சிவப்பாக இல்லை. அவித்த இறைச்சிபோல் திட்டுத்திட்டாக வெளிறியிருந்தது. சிறுநீரகம் கறுத்திருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். மான் குறுந்தூரம் பாய்ந்து ஒளிவதற்குப் படைக்கப்பட்ட உடம்பு. ஓடி, நின்று, மறுபடி விரட்டப்பட்டு, மறுபடி ஓடினால் தசைக்குள் அமிலம் தேங்குகிறது, சூடு இறங்க வழியில்லை, தசை இழைகள் உடையத் தொடங்குகின்றன. உடைந்த தசையின் நிறப்புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் தேத்தண்ணி நிறமாவது அதனால்தான். சில மான் அந்த இடத்திலேயே இதயம் நின்று விழும். சிலது எழுந்து நடந்து, மேய்ந்து, பார்ப்பவருக்குச் சுகமாகத் தெரிந்து, நாட்கள் கழித்து விழும். தசை உடைந்த பிறகு காட்டு மிருகத்துக்குச் செய்யக்கூடிய வைத்தியம் மிகக் குறைவு. மயக்கி அடக்கியதும் ஒரு சுமைதான், அதையும் அவர் மறைக்கவில்லை. ஆனாலும் சிறுநீர் கறுத்தது ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள். அவ்வளவு சேதம் முந்தைய நாளுக்குரியது என்பதே அவர் கணிப்பு.

கம்பி அதைக் கொல்லவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கம்பி இல்லாவிட்டால் நாங்கள் அங்கே போயிருக்கவே மாட்டோம். ஆனால் ஞாயிறு பின்னேரம் அந்த மானுக்கு இருந்த வாய்ப்பு திங்கள் பத்து மணிக்கு இல்லை. இடையில் நடந்தது நான்.

இதே வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், மாரியில் வாடை நிலைக்கும்வரை பரணை விட்டு இறங்காதீர்கள் என்பேன். வயல்பக்கத்தால் போகாதீர்கள். ஒரு தடவை எழுப்பிவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போங்கள், கமராவையும் கொண்டுபோய்விடுங்கள். காயப்பட்ட மான் தானாகவே பழைய பற்றைக்குத் திரும்பக்கூடும், அதற்கு ஒரு பகல் கொடுக்க வேண்டும். உத்தியோகத்தர் இல்லாமல் கிட்டப் போகவே வேண்டாம்.

கம்பி

வெட்டியெடுத்த கம்பியைக் கழுவியவுடன் எனக்கு அடையாளம் தெரிந்தது. மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளின் உள்கம்பி. நுனியில் லீவருக்குள் கொழுவுகிற உலோகக் குமிழ் அப்படியே இருந்தது, அதையே சுருக்கின் முடிச்சாகப் பயன்படுத்தியிருந்தார்கள். பின்னிய உருக்குக் கம்பி, துரு பிடித்தாலும் லேசில் அறாது. பிறகொரு காலையில் உத்தியோகத்தர்களோடு அந்த ஓரம் நெடுக நடந்து ஏழு சுருக்குகளைக் கழற்றினோம். ஐந்து கிளச் கேபிள், இரண்டு பிரேக் கேபிள். வைத்தவரைக் கேட்டால் பன்றிக்கு வைத்தது என்பார். சுருக்குக்குப் பன்றியும் மானும் ஒன்றுதான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானைக் கொல்வது குற்றம் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வருடப் பிறப்பு நெருங்க இறைச்சி கேட்டு ஆள் வருவதும் எல்லாருக்கும் தெரியும்.

என் கடையில் அறுந்த கேபிள்களை ஒரு தகரப் பேணியில் போட்டு வைப்பேன். பேணி நிறைந்தால் வாசலில் வைத்துவிடுவேன். பந்தல் கட்ட, வேலி கட்ட என்று கேட்டு எடுத்துப் போவார்கள். நான் காசும் வாங்குவதில்லை. அந்த மானின் கழுத்தில் இருந்தது என் பேணியிலிருந்து போனதா என்று அறிய வழியில்லை. இப்போது கழற்றுகிற கேபிளை வண்டிக்காரர் முன்னாலேயே விரல் நீளத் துண்டுகளாக வெட்டித்தான் போடுகிறேன். ஏன் தம்பி இப்படி மினக்கெடுகிறாய் என்று கேட்கிறவர்களுக்குப் போனில் இருக்கிற அந்த மானின் படத்தைக் காட்டுகிறேன். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு கடைக்காரர் வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். தம்பலகாமத்து வீதியில் இருக்கிற மற்றக் கடைகளுக்கு வருகிற போயாவில் போகிறேன்.